எப்சிபாவின் குரலை விற்றவன்

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஜேம்ஸ் ஐயா அவர்களே, சென்னையிலிருந்து இதற்காகவே வந்திருக்கும் மருத்துவர் பானுப்ரியா அவர்களே, ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கும் என் சங்கத்துப் பெண்களே, முன்வரிசையில் இருக்கும் சாலமன் அண்ணா, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் பெயர் அங்காளம்மாள். பழவேற்காடு ஏரி மீன் விற்கும் பெண்கள் சங்கத்தின் செயலாளர். எந்தக் கூட்டமானாலும் தலைவர் எப்சிபா அக்கா பேசுவார், நான் நன்றி சொல்லி முடிப்பேன். அதுதான் எங்கள் ஏற்பாடு. இன்று அவர் படமாக உட்கார்ந்திருக்கிறார். பேச வேண்டிய வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

இன்று காலை இந்தப் படத்துக்கு ஒரு மாலை வந்தது. ஆள் உயர ரோஜா மாலை. அதன் குறுக்கே பளபளப்பான பட்டை, பட்டையில் கோதண்டம் என்று பெயர். அக்காவின் கணவர் சாலமன் அண்ணன் அதைப் பார்த்தார். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் இந்தப் பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே போட்டுவிட்டு வந்தார். இப்போது அதை ஆடு தின்றுகொண்டிருக்கிறது. ஆட்டுக்காவது பயன்படட்டும்.

இரங்கல் கூட்டத்தில் இதமாகப் பேச வேண்டும் என்பது வழக்கம். போதகர் ஐயா எனக்கு முன்னால் பேசினார். மன்னிக்கச் சொல்லும் வசனத்தை வாசித்தார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. மன்னிக்கச் சொல்வது அவர் பணி. ஐயா, நான் இங்கே மன்னிக்க வரவில்லை. எப்சிபா அக்கா எப்படி வாழ்ந்தார், எப்படிப் பிழைத்தார், பிழைத்தவரை எவன் கொன்றான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எப்சிபா அக்காவைத் தெரியாதவர்கள் இந்த ஏரியைச் சுற்றி யார் இருக்கிறார்கள்? ஆனாலும் இளையவர்களுக்காகச் சொல்கிறேன்.

மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறக் கூடாது என்று சொன்ன ஒரு காலம் இருந்தது. பொன்னேரி போகும் முதல் பஸ்ஸில் ஏறிய எங்களை நடத்துநர் இறங்கச் சொன்னார். நாற்றம் அடிக்கிறதாம். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினோம். அக்கா இறங்கவில்லை. படியில் நின்றபடியே உள்ளே இருந்தவர்களைக் கேட்டார்:

"நேத்து வூட்ல மீன் துன்னாதவங்க யாரு? கைய தூக்குங்க. நீங்க சொன்னா எறங்கிடறோம்."

ஒரு கையும் எழவில்லை. அப்புறம் நடத்துநர் பக்கம் திரும்பினார்.

"நீ இன்னா துன்ன நைனா?"

அவர் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "எறா தொக்கு"னு சொன்னார். கூடைகளோடு பஸ் கிளம்பியது. அன்றிலிருந்து எங்களை யாரும் இறக்கிவிடவில்லை.

ஏரிக்கரையில் நாம் இன்று நிழலில் உட்கார்ந்து மீன் விற்கிறோமே, அந்தக் கூரை எப்படி வந்தது? அதிகாரி ஒருவரிடம் நடையாய் நடந்தோம். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே சொன்னார். ஒரு நாள் அக்கா, "பாக்கறதுக்குத்தான் சார் கூட்டிகினு போக வந்துகீறேன், எழுந்து வாங்க"னு சொல்லி, உச்சி வெயிலில் அவரைக் கரைக்கு அழைத்து வந்து சுடுமணலில் எங்கள் பக்கத்தில் உட்கார வைத்தார். எங்கள் கூடைகளில் மீன் விற்றுத் தீரும்வரை அவரை எழுந்திருக்கவே விடவில்லை. கூரை வந்தது.

அவருக்கு இருந்த ஆயுதம் ஒன்றுதான். குரல். கரையில் நின்று கூப்பிட்டால் நடு ஏரியில் வலை இழுக்கிறவர் திரும்பிப் பார்ப்பார். அந்தக் குரல் கோபப்படும், கிண்டல் செய்யும், ஜெபம் பண்ணும். பொய் மட்டும் சொல்லாது. அதனால்தான் அந்தக் குரல் ஒரு விஷயத்தைச் சொன்னால் ஊரே நம்பியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நம்பிக்கையைத்தான் ஒருவன் திருடினான்.

போன வருஷம் ஒரு நாள், மீன் அரிந்துகொண்டிருந்தவர் திடீரென்று கையை நிறுத்தினார்.

"அங்காளு, இந்த எடது கண்ல யாரோ பாய எறக்குனா மாதிரி இருட்டா வந்துச்சிமே. இப்ப சரியாயிட்ச்சி."

நான் பித்தம் என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார். அடுத்த வாரம் வலது கையிலிருந்து கத்தி நழுவி விழுந்தது. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவும் சரியாகிவிட்டது. சரியாகிவிடுகிறதே என்றுதானே நாமெல்லாம் விட்டுவிடுவோம்? அக்கா விடவில்லை. "ரெண்டு தபா கதவ தட்டிட்டான். மூணாவது தபா ஒடச்சிகினு வருவான்"னு சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினார்.

அங்கேதான் மருத்துவர் பானுப்ரியாவைப் பார்த்தோம். கழுத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது பக்கத்துக் குழாயில் கொழுப்பு படிந்து, ரத்தம் போகிற வழி நூல் அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதிலிருந்து பிய்ந்து போகும் துணுக்குகள்தான் கண்ணை இருட்டாக்கின, கையை நழுவ விட்டன. கழுத்தைத் திறந்து, குழாயைத் திறந்து, உள்ளே படிந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தைக்க வேண்டும் என்றார்கள்.

கழுத்தில் கத்தி என்றால் குரல் போய்விடுமா என்று சாலமன் அண்ணன் கேட்டார். டாக்டர் அம்மா மறைக்கவில்லை. கொஞ்ச நாள் கரகரக்கலாம், அபூர்வமாக நிரந்தரமாகவும் பாதிக்கலாம், ஆனால் விட்டுவைத்தால் பெரிய பக்கவாதம் வரும் என்றார். அக்கா என்ன சொன்னார் தெரியுமா? "கொரலு போனா கைய ஆட்டி சண்ட போட்டுக்கறேன். நீங்க செய்யுங்க."

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். அதை நீங்கள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் ஆபத்து கத்தியோடு முடிந்துவிடவில்லை.

தலையைச் சுற்றிப் பட்டை கட்டி, நெற்றிப்பொட்டில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். மூளைக்குள் ரத்தம் ஓடுவது ஒரு பெட்டியில் சத்தமாகக் கேட்டது. அலை வந்து வந்து போவது போல ஓர் இரைச்சல். நடுநடுவே கிச், கிச் என்று ஒரு சத்தம், எலிக்குஞ்சு கத்துவது போல. என்னவோ வாயு என்று நினைத்தேன். டாக்டர் அம்மாவின் முகம் மாறிவிட்டது. என்னிடம் சொன்னார்:

"உள்ளே சுரண்டின இடம் பச்சைப் புண்ணும்மா. ரத்தம் அதுமேல ஒட்டி உறையப் பார்க்கும். உறைஞ்ச துணுக்கு ஒவ்வொண்ணா மூளைக்குள்ள போகுது, அதுதான் இந்தச் சத்தம். துணுக்கு பெருசாச்சுன்னா வாதம் வரும். இதை இப்பவே நிறுத்தணும்."

ஊசி வழியாக இன்னொரு மருந்தை ஏற்றினார்கள். டாக்டர் அம்மா அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். சத்தம் குறைந்தது. இடைவெளி விட்டு ஒன்று, பிறகு நெடுநேரம் கழித்து ஒன்று. கடைசியில் வெறும் அலை மட்டும் கேட்டது. டாக்டர் அம்மா எழுந்து வந்து, "நின்னுடுச்சு"னு சொன்னபோது அந்தப் பெரிய படிப்பு படித்தவரின் கண்ணில் தண்ணீர் நின்றது. அம்மா, நீங்கள் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள். நான் சொல்கிறேன். ஒரு மீன்காரிக்காக நீங்கள் அழுதீர்கள். இந்த ஏரி அதை மறக்காது.

வீட்டுக்கு அனுப்பும்போது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை இரண்டு. அதில் ஒன்றைக் கொஞ்ச காலம் கழித்து நானே நிறுத்தச் சொல்வேன். மற்றது ஆயுசு முழுவதும். அடிபட்டால் நீலமாகும், பல் தேய்த்தால் ரத்தம் வரும். பயமாக இருந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

யார் சொன்னாலும். அந்த யாரோ ஒருவன் மீஞ்சூரில் கடை வைத்திருந்தான்.

கோதண்டம் முன்பு வீட்டு மனை விற்றவன். பிறகு தன்னை இயற்கை வைத்தியர் என்று சொல்லிக்கொண்டான். முறையாகச் சித்த மருத்துவம் படித்தவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்களை நான் கைகூப்பி வணங்குகிறேன். இவன் எதையும் படித்தவன் இல்லை. ஒரு வேன், ஒரு ஒலிபெருக்கி, பழுப்பு நிறத்தில் ஒரு கஷாயம். எந்தக் குழாயில் அடைப்பு இருந்தாலும் கரைக்குமாம். வேனின் பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் டிரம் வைத்திருந்தான். சனங்கள் தாங்கள் சாப்பிடும் மாத்திரைகளைக் கொண்டுவந்து அந்த டிரம்மில் போட வேண்டும். போடுகிறவர்களுக்கு அவன் கை தட்டுவான். கூட்டமும் கை தட்டும்.

எப்சிபா அக்கா அவ்வளவு விவரமானவர், எப்படி ஏமாந்தார் என்று சிலர் கேட்கிறீர்கள். கேட்கிற வாயை மூடிக்கொண்டு இதைக் கேளுங்கள்.

கூடை தூக்குகிற கை. முழங்கையிலும் தோளிலும் கூடை இடிக்கும். மாத்திரை சாப்பிடுகிற உடம்பில் இடித்த இடமெல்லாம் நீலம் பூத்தது. பஸ்ஸில் ஒருத்தி சாலமன் அண்ணனைக் காட்டி, "பொண்டாட்டிய போட்டு அடிக்கறான் போல"னு பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அண்ணன் காதில் விழுந்தது. இந்த மனுஷன் தன் வாழ்நாளில் பொண்டாட்டியை அதட்டிக்கூடப் பேசாதவர். அன்றிலிருந்து அக்காவோடு ஒரே பஸ்ஸில் ஏறுவதை விட்டுவிட்டார். அக்காவுக்கு வலியைவிட அதுதான் வலித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கோதண்டம் கரைக்கு வந்தான். கும்பிட்டு நின்றான். அம்மா என்றான்.

"ரத்தத்த தண்ணியா ஆக்கிட்டாங்கம்மா உங்களுக்கு. இந்த நீலம் இன்னா தெரியுமா? உள்ள ஒடஞ்சி ஊத்துது. அந்த வெசத்த நிறுத்துங்க, என் கசாயத்த குடிங்க. நீலம் போகலைன்னா என் பேர மாத்திக்கறேன்."

நீலம் போனது. உண்மையாகவே போனது. மாத்திரையை நிறுத்தினால் போகத்தானே செய்யும்? ரத்தம் மறுபடியும் உறைய ஆரம்பித்துவிட்டது, அதனால் தோலில் நீலம் இல்லை. அதே ரத்தம் கழுத்துக்குள்ளே தைத்த இடத்திலும் உறைய ஆரம்பித்ததை யார் பார்த்தது? அக்கா முட்டாள் இல்லை. தன் கையைத் தன் கண்ணால் பார்த்தார், பார்த்ததை நம்பினார். அவன் அந்தக் கையைக் காட்டித்தான் அவரைக் கொன்றான்.

கொன்றதோடு விட்டானா? போனை நீட்டி, அம்மா ரெண்டு வார்த்தை பேசுங்க என்றான். அக்கா தனக்கு நடந்ததை உள்ளபடி பேசினார். அந்த வார்த்தைகள் எனக்கு மனப்பாடம். உங்களில் பலருக்கும் மனப்பாடம்.

"நான் எப்சிபா பேசறேன். கழுத்துல ஆப்பரேசன் பண்ணவ. கை பூரா நீலமா கெடந்துச்சி. இந்த கசாயம் குடிச்சேன், எல்லாம் போயிட்ச்சி. இன்னிக்கி நல்லா கீறேன்."

இந்த வார்த்தைகளுக்குப் பின்னால் அவன் தன் குரலைச் சேர்த்தான்: மாத்திரைகளைத் தூக்கி எறியுங்கள், எப்சிபா அம்மாவைப் போல் வாழுங்கள். வேன் ஊர் ஊராகப் போனது. காட்டூர் போனது, ஆரம்பாக்கம் போனது, ஒவ்வொரு குப்பத்துக்கும் போனது. பஸ்ஸுக்காகச் சண்டை போட்ட குரல், கூரை வாங்கித் தந்த குரல், கஷாயம் விற்றது.

நான் அப்போது என் மகளின் பிரசவத்துக்காக ஊரில் இல்லை. திரும்பி வந்த அன்று அக்கா தன் கையைப் பெருமையாக நீட்டிக் காட்டினார்.

"பாருமே, ஒரு பொட்டு நீலம் இல்ல."

"மாத்திர துன்றியா யக்கா?"

"அத்த நிறுத்தி ஒரு மாசம் ஆவப்போவுது. ரெண்டும் ஒண்ணா சேராதாம்."

அங்கேயே நின்று டாக்டர் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் அக்காவிடம் பேசினார். கோபப்படவில்லை. இப்போதே மாத்திரை வாங்கிப் போடுங்கள், நாளைக்குக் காலையில் வந்து ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். அக்கா போனை என்னிடம் நீட்டினார். அப்புறம், "அந்த ஆளு எனக்கு அம்மானு சொன்னான் அங்காளு" என்று மட்டும் சொன்னார். சாலமன் அண்ணன் மருந்துக் கடைக்கு ஓடினார். அன்று சாயங்காலம் மாத்திரை போட்டார்.

ஆனால் ரத்தக்கட்டி அதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டது. மாத்திரை புதுக் கட்டி வராமல் காக்கும், உட்கார்ந்துவிட்ட கட்டியை ஒரே நாளில் கரைக்காது என்று டாக்டர் அம்மா பிறகு எனக்கு விளக்கினார்.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்பு கரைக்கு வந்தார். அன்றைய மடவை மீனை எங்கள் சங்கத்து ரோஸ்மேரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். "மடவை நல்லா வந்துகீது"னு சொல்ல வாயெடுத்தார். "மட... மட..." என்று நின்றது. நாங்கள் கிண்டல் செய்கிறார் என்று சிரித்தோம். வாய் ஒரு பக்கம் இழுத்தது. வலது கையிலிருந்து கூடை சரிந்து மீன் மணலில் கொட்டியது. தன் கையை, யாருடையதோ கை போல, குனிந்து பார்த்தார். அப்படியே உட்கார்ந்தார்.

சென்னைக்குக் கொண்டுபோனோம். செய்ய முடிந்ததை எல்லாம் செய்தார்கள். உயிர் நின்றது. வலது பக்கம் போனது. பேச்சு போனது. எத்தனையோ வார்த்தைகள் இருந்த அந்த வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும், வலிக்கிறதா என்று கேட்டாலும், அவர் மகளைக் காட்டினாலும், "இல்ல" என்றுதான் வந்தது. வேறு எதையோ சொல்ல நினைத்து, இல்ல என்று வந்ததும் தானே தலையை ஆட்டி அழுவார்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு மத்தியானம். நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் வேன் சத்தம் கேட்டது.

"நான் எப்சிபா பேசறேன்."

என் கையில் இருந்த கரண்டி நின்றுவிட்டது. அக்காவின் கண் வாசல் பக்கம் போனது. அவர் குரல். தெளிவான, கணீரென்ற, அவருடைய சொந்தக் குரல். இன்னிக்கி நல்லா கீறேன் என்று அது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனது. படுக்கையில் கிடந்தவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வாசலைப் பார்த்து, சுவரைப் பார்த்து, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இல்ல. இல்ல. இல்ல."

அன்றுதான் அந்த வார்த்தை அவர் சொல்ல நினைத்த வார்த்தையாகவே வந்தது. நான் ஓடினேன். வேன் போய்விட்டது.

நண்பர்களே, இதை மன்னிக்கச் சொல்கிறீர்களா? வாய் பேச முடியாமல் கிடக்கிற மனுஷியின் வீட்டு வாசலில், அவள் குரலைக் கொண்டே அவள் கொலைக்கு விளம்பரம் செய்தவனை? அவர் விழுந்தது அவனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். தெரிந்தும் அந்த ஒலிப்பதிவை அவன் நிறுத்தவில்லை. வியாபாரம் நன்றாக நடந்தது, அதனால் நிறுத்தவில்லை.

விழுங்கும் சக்தியும் குறைந்து, நெஞ்சில் சளி கட்டி, எப்சிபா அக்கா இறந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் ஆரம்பாக்கத்தில் அந்த வேன் வந்தது. புதைத்துவிட்டு வந்தவரின் குரல் வேனுக்குள்ளிருந்து பேசியது. நம் பெண்கள் வேனைச் சுற்றி நின்றார்கள். ஒலிபெருக்கியைக் கழற்றினார்கள். டிரம்மை இறக்கினார்கள். டிரம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. யார் யாருடைய உயிரோ அதற்குள் கிடந்தது. ஓட்டுநரை யாரும் தொடவில்லை. என் கை தொடப் போனது, ரோஸ்மேரி பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். வழக்குப் பதிவாகியிருக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து கடைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவன் என்ன செய்தான்? சாலமன் அண்ணன் வீட்டுக்கு வந்தான். விழுவதற்கு முதல் நாள் சாயங்காலம் போட்ட மாத்திரைதான் அம்மாவைக் கொன்றது என்று இப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிகிறானே, அதை அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சொன்னான். கடைசியில், "போனவங்க போயிட்டாங்க, கூட்டத்துல என் பேர எடுக்காதீங்க, நமக்குள்ள பேசி முடிச்சிக்கலாம்" என்றான். அண்ணன் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"என் பொண்டாட்டி கொரல குடுத்துட்டு போ. அப்புறம் பேசலாம்."

அவன் எழுந்து போய்விட்டான். இன்று ரோஜா மாலை அனுப்பியிருக்கிறான்.

அதோ, மதில் ஓரம் நின்று போனில் படம் எடுக்கிற தம்பிகளே. நீங்கள் யார் அனுப்பி வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நன்றாக எடுங்கள். என் முகம் தெளிவாகத் தெரியட்டும். கொண்டுபோய் அவனிடம் காட்டுங்கள். அங்காளம்மாள் அவன் பெயரைச் சொன்னாள் என்று சொல்லுங்கள். கோதண்டம். இன்னொரு முறையும் சொல்கிறேன், கோதண்டம். இந்த ஏரியைச் சுற்றி எந்த ஊரில் அவன் பாட்டிலோடு இறங்கினாலும், அவன் வாய் திறக்கும் முன் நாங்கள் அங்கே நிற்போம். அவன் பெயரை மாற்றிக்கொண்டு வந்தாலும் நிற்போம். கத்தி எடுக்க மாட்டோம், கல் எடுக்க மாட்டோம். அவன் சட்டத்தின் முன் நின்று, செய்ததைத் தன் வாயால் ஒப்புக்கொள்ளும்வரை எங்களுக்கு வேறு துக்கம் கிடையாது, காரியம் கிடையாது, ஆறுதலும் வேண்டாம்.

சங்கத்துப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. தலைவர் இல்லை என்று சங்கம் படுத்துவிடாது. கரையில் கூரை ஒழுகுகிறது, அதைச் சரி செய்ய வேண்டும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கிறது, அதைப் பற்றிப் பேசப் போக வேண்டும். அக்கா எங்கெல்லாம் போயிருப்பாரோ அங்கெல்லாம் போவோம். அவரைப் போல எனக்குப் பேச வராது. வருகிற மாதிரி பேசுவேன்.

இப்போது கடைசியாக ஒரு விஷயம். இது இரங்கல் கூட்டத்தில் பேசுகிற விஷயம் இல்லைதான், ஆனாலும் இதற்காகத்தான் டாக்டர் அம்மாவை வரவழைத்தேன்.

அந்த டிரம்மில் மாத்திரை போட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். எனக்கு முகம் தெரிகிறது. காட்டூர் நாகப்பன் அண்ணன் ஆறாவது வரிசையில் வேப்பமரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறார். நெல் விவசாயி. அவருக்குக் கண் இருட்டியபோது சென்னைக்குப் போகச் சொல்லி அனுப்பியதே எப்சிபா அக்காதான். அவருக்கும் கழுத்தில் அதே அறுவை சிகிச்சைதான். பிறகு வேன் காட்டூருக்கு வந்தது. அக்கா குரல் கேட்டது. அக்காவே சொல்கிறார் என்று அவரும் மாத்திரையை டிரம்மில் போட்டார். நேற்று நான் போய்க் கேட்டபோது, "எப்சிபா பொய் சொல்லமாட்டா மா" என்றார். இல்லை அண்ணா, அவர் பொய் சொல்லவில்லை. அவரை வைத்து அவன் சொன்னான்.

டாக்டர் அம்மா கூட்டம் முடிந்ததும் அந்த ஐந்தாம் வகுப்பு அறையில் உட்காருவார். மாத்திரையை நிறுத்தியவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். வெட்கப்படாதீர்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லாதீர்கள். என்னென்ன மாத்திரை, எப்போதிலிருந்து மறுபடி, எந்த ஸ்கேன் என்பதை அவர் சொல்வார். அவர் சொல்வதை மட்டும் கேளுங்கள்.

நாகப்பன் அண்ணா, கூட்டம் முடியும்வரை நீ காத்திருக்க வேண்டாம். இப்போதே எழுந்திரு. டாக்டர் அம்மாவும் எழுந்து வருகிறார், பார். துண்டை எடுத்துக்கொண்டு மெதுவாக நட. வழி விடுங்கள் அம்மா, வழி விடுங்கள்.

வழக்கு நடக்கும். கோதண்டம் கூண்டில் நிற்பான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்து, இவன்தான் என் மாத்திரையை டிரம்மில் போட வைத்தான் என்று சொல்ல, மூளை தெளிவாக, நாக்குக் குழறாமல், உயிரோடு ஒரு ஆள் எனக்கு வேண்டும். அதற்காகவாவது நீ நடந்து போ, அண்ணா.